மேட்டாங்காட்டுக்கு மேலே ஒரு ஜிப்ஸி மாத்

ஆகஸ்ட் 11, வெள்ளி

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். மாத்திரை எப்போது போட்டார், அதற்குப் பிறகு கை எப்படி, நடை எப்படி, தூக்கம் எப்படி என்று தினமும் குறித்து அடுத்த முறை கொண்டுபோக வேண்டுமாம். நோயாளி பெயர் நாச்சிமுத்து. வயது அறுபத்து நான்கு. பம்பு கம்பெனியில் வார்ப்புக்கு மர அச்சு செய்து ஓய்வு பெற்றவர். எழுதுவது அவர் மனைவி தவமணி. சொந்த அத்தை மகனைக் கட்டியதால் எனக்கு அவர் மாமா. பீளமேட்டுப் பக்கம் 'தவமணி டிரைவிங் ஸ்கூல்' என்று ஒரு மஞ்சள் கார் எல்லோருக்கும் வழிவிட்டு ஊர்ந்துகொண்டிருக்குமே, அந்தத் தவமணி நான்தான்.

வலது கைதான் ஆடுகிறது. இது மெதுவாகத்தான் கூடும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, "கையவிட மனசப் பாருங்கம்மா. எதையும் செய்ய மாட்டேன்னு உக்காந்துட்டார்னா மாத்திரையால பிரயோசனமில்ல" என்றார். அவர் சொல்லி எனக்குத் தெரிய வேண்டுமா? உட்கார்ந்து பல மாதமாகிறது.

காலை: கை ஆடியது. சட்டைப் பொத்தானை நானே போட்டுவிட்டேன். வேலை சீக்கிரம் முடிந்தது.

ஆகஸ்ட் 12, சனி

கை நேற்றுப் போலவே. காபியைப் பாதி டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். "நெறைய ஊத்து" என்றார். ஊற்றவில்லை. யார் தரையைத் துடைப்பது? நாள் முழுக்க டீவி. என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

உக்கடம் பழைய சாமான் சந்தைக்குப் போனேன், ஸ்கூல் காருக்கு ஒரு பக்கக் கண்ணாடி தேடி. மாமாவையும் இழுத்துக்கொண்டு போனேன். நாலு பேர் கையைப் பார்ப்பார்கள் என்று வரமாட்டேன் என்றார். பார்த்தால் பார்க்கட்டும், கண் அவர்களுடையது என்று சொல்லிக் கூட்டிப்போனேன். கண்ணாடிக்குப் பேரம் பேசிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். கடை கடையாகத் தேடினேன்.

பழைய மின்விசிறிகளுக்கும் உடைந்த தையல் மிஷினுக்கும் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஏதோ மரச்சாமான்.

"ஏனுங்க, என்னங்க அது?"

"ஏரோப்பிளேன்."

"பேரன் பேத்தியா இருக்குது நமக்கு, வெளையாட்டுச் சாமான் வாங்க?"

"வெளையாட்டுச் சாமானில்ல, புள்ள. ரிமோட்டுல நெசமாப் பறக்கறது. பாரு, மேல ஒரு ரெக்கை, கீழ ஒரு ரெக்கை."

பார்த்தேன். மேல் ரெக்கை இரண்டாக முறிந்திருந்தது. மேலே போர்த்திய துணி கிழிந்து தொங்கியது. வால் செல்லரித்திருந்தது. சக்கரம் ஒன்றுதான். மூக்கில் துருப்பிடித்த குட்டி எஞ்சின். ஒட்டுமொத்தமாக எங்கள் சாப்பாட்டு மேஜை நீளம் இருக்கும். அடுப்புக்குத்தான் ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இதப் பறக்க உட்டுப் பாக்கோணும்" என்றார்.

"ஆரு?"

"நாந்தான்."

இந்த வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'வேணும்' என்று வந்த முதல் விஷயம். வாங்கிவிட்டேன். விலையை எழுதினால் எனக்கே ஆத்திரம் வரும்.

கை: கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

சாப்பாட்டு மேஜை விமானத்துக்குப் போயிற்று. இரண்டு பேரும் சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வீடு முழுக்கப் பழைய பெயின்ட் வாடை.

சாயங்காலம் இம்தியாஸ் வந்தான். என்னிடம் கார் ஓட்டக் கற்றவன், முப்பத்தைந்து வயசிருக்கும். கல்யாண வீடுகளில் ட்ரோன் கேமரா விடுவது தொழில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அன்னூர் பக்கம் ஒரு மேட்டாங்காட்டில், மழை பார்த்துச் சோளம் விதைக்கும் அந்த வறண்ட நிலத்தில், கூட்டாளிகளோடு சின்ன விமானம் விடுவான். மாமாவுக்கு அவன்தான் இப்போது கடவுள்.

"டைகர் மாத்துங்கண்ணா இது. அந்தக் காலத்துல பைலட்டுக்குப் படிச்சவங்கெல்லாம் இதுலதான் படிச்சாங்க" என்று போனில் படம் காட்டினான்.

"டைகர் மாத்து" என்று மாமா மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஏதோ மருமகன் பெயரைக் கேட்ட மாதிரி.

கை: ஆடியது. படத்தைப் பெரிதாக்கும்போது போன் கீழே விழுந்தது. இனி போனை நானே பிடித்துக் காட்டுவேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

எனக்கு இந்த விமானத்தில் ஒரு அக்கறையும் கிடையாது. மேஜையைத் துடைக்கப் போனேன், கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

படத்திலிருக்கும் டைகர் மாத்துக்கு மேல் ரெக்கை கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கிறது. இரண்டு ரெக்கையும் பின்னால் சாய்ந்திருக்கிறது. எங்களுடையதில் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று, சாய்வே இல்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.

"ஏனுங்க, இது டைகர் மாத்தே இல்லீங்."

"உனக்கென்ன தெரியும்?"

"கோடு நேரா இருக்குதா கோணலா இருக்குதான்னு பாக்கறதுதான என்ற பொழப்பே. வந்து பாருங்க."

வந்து பார்த்தார். ரெக்கை முறிந்ததில் இடம் மாறியிருக்கும் என்றார். முறியாத கீழ் ரெக்கையைக் காட்டினேன். சோறு வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னது என் தப்பா?

ஆகஸ்ட் 21, திங்கள்

காலையில் நான் எழுவதற்கு முன்பே அவர் மேஜையில் இருந்தார். மூக்கின் மேல்பக்கம் வரிசையாக நாலு மொட்டு இருந்தது. யாரோ உடைந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தோம். அதன்மேல் இருந்த பெயின்ட்டை மணல்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே செதுக்கிய மரம், ஒவ்வொன்றிலும் மெல்லிய வரி வரியாக.

"தவமணி! இது சிலிண்டர்! நாலு சிலிண்டர்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

டைகர் மாத்தில் எஞ்சினைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார்களாம். அதனால் மூக்கின் மேல்பக்கம் வழவழவென்று இருக்கும். இதில் எஞ்சின் நிமிர்ந்து நின்று, தலை வெளியே தெரிகிறது. இம்தியாஸுக்குப் படம் அனுப்பினோம். ஒரு மணி நேரம் தேடிவிட்டுக் கூப்பிட்டான்: "அண்ணா, இது ஜிப்ஸி மாத்துங்க! டைகர் மாத்துக்கு அண்ணன்! நம்ம செட்டுல ஒருத்தங்ககிட்டயும் இல்லீங்!"

"நாங் கண்டுபுடிச்சது" என்றார் மாமா.

"ரெக்கைய ஆரு பாத்தா?"

"சிலிண்டரு ஆரு பாத்தது?"

மதியம் வரை இதே சண்டை. சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன், அவர் கண்டுபிடிக்கவே இல்லை.

செப்டம்பர் 6, புதன்

மாத்திரை சரியாகப் போட்டார். கை மோசம்.

ரெக்கைக்குள் விலா எலும்பு மாதிரி வளைந்த மரச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. பாதிக்கு மேல் உடைந்துவிட்டன. பால்சா என்று ஒரு மரம், தக்கை மாதிரி கனமே இல்லாதது, இம்தியாஸ் வாங்கி வந்திருந்தான். மாமா கத்தியை எடுத்து முதல் சட்டத்தை வெட்டினார். வளைவில் கை உதறி மரம் பிளந்தது. இரண்டாவதும் பிளந்தது.

கத்தியை வாங்கி நான் வெட்டினேன். அதுவும் நன்றாக வரவில்லை, நேர்க்கோட்டில்தான் எனக்கு வரும். திரும்பிப் பார்த்தால் டீவி ஓடுகிறது. எதற்குக் கோபம்? உதவிதானே செய்தேன்.

செப்டம்பர் 7, வியாழன்

டீவி.

செப்டம்பர் 8, வெள்ளி

டீவி.

செப்டம்பர் 10, ஞாயிறு

என் மாமா கெட்டிக்காரர். இதை நோட்டில்தான் எழுதுகிறேன், நேரில் சொன்னால் தலைகால் புரியாது.

ஸ்கூலிலிருந்து வந்தபோது டீவி ஓடவில்லை. மேஜையில், வெட்டாத பால்சாத் துண்டுகளை எல்லாம் ஒரே கட்டாக அடுக்கி, இரண்டு பக்கமும் அலுமினியத் தகட்டில் செய்த அச்சு வைத்து, போல்ட் போட்டு முறுக்கியிருந்தார். தகட்டை, தெருமுனையில் இருக்கும் லேத்துக் கடையில் வெட்டி வாங்கினாராம். தானே நடந்து போயிருக்கிறார்! அந்தக் கட்டு முழுவதையும் இடுக்கியில் பிடித்து, மரக்கட்டையில் சுற்றிய மணல்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். தகடு தட்டுப்படும் வரை தேய்த்தால் போதும், அத்தனை சட்டமும் ஒரே அளவில் வந்துவிடும்.

"கை ஆடலீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆடுது. தேய்க்கறதுக்குக் கை ஆடத்தான புள்ள வேணும்?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. வழியட்டும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

எலும்புக்கூடு முழுசாக நிற்கிறது. இரண்டு அடுக்கு ரெக்கை, நடுவில் சின்னச் சின்ன முட்டுக்கால்கள். வெயில் உள்ளே புகுந்து மேஜையெல்லாம் கோடு கோடாக நிழல். அழகாக இருக்கிறது என்று நான் சொன்னதாக அவர் இம்தியாஸிடம் சொல்லியிருக்கிறார். நான் சொல்லவில்லை. தூசி படியாமல் மூடி வையுங்கள் என்றுதான் சொன்னேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

பழைய துணிக்குப் பதிலாக, இஸ்திரிப் பெட்டி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தாள் வந்திருக்கிறது. கலர் சண்டை மூன்று நாள் நடந்தது. அவருக்கு வெள்ளி வேண்டும், எனக்கு மஞ்சள். மஞ்சள்தான் வானத்தில் தெரியும் என்று இம்தியாஸ் தீர்ப்புச் சொன்னான். ஸ்கூல் கார் கலர் என்பதால் நான் கேட்டேன் என்று மாமா சொல்வது அபாண்டம்.

"எல் போர்டும் ஒட்டிருங்க்கா" என்றான் இம்தியாஸ். வாயைப் பார்!

இஸ்திரி நான் போட்டேன். சூடு அவருக்குச் சரிப்படாது. ஓரத்தை மடிக்க அவர் கை நீட்டினார், அதையும் நானே மடித்துவிட்டேன். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 15, ஞாயிறு

துருப்பிடித்த எஞ்சினைக் கழற்றியாகிவிட்டது. அது எண்ணெய் குடிக்குமாம், புகை விடுமாம், உதிரி கிடைக்காதாம். அதனிடத்தில் பேட்டரியில் ஓடும் மோட்டார். மர சிலிண்டர் நாலும் அப்படியே இருக்கின்றன. மூக்குக்குள் பழைய எண்ணெய் டப்பா இருந்த இடம் சும்மா காலியாகக் கிடக்கிறது.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

ஸ்கூல் காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாயிற்று. ஜிப்ஸி மாத்தையும் காருக்குப் பக்கத்தில் பாய் விரித்து வைத்தேன். மூக்கில் பொட்டு வைத்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தால் உருண்டு ஓடிவிடும், முன்னால் கட்டித் தொங்கவிட்டால் மோட்டார் சுற்றும் காத்தாடியில் மாட்டும். அதனால் நல்ல பருத்த பழமாக மூன்று எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, மூக்குக்குள் அந்தக் காலி இடத்தில் அசையாமல் திணித்துவிட்டேன். கண்ணேறு படாமல் பறக்க வேண்டுமல்லவா? மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

அக்டோபர் 25, புதன்

இன்று ஒரு அதிசயம். விமானத்துக்கு எடை சமநிலை முக்கியமாம். மேல் ரெக்கையின் அடியில் குறித்த இடத்தில் இரண்டு விரலால் தூக்கினால் மூக்கும் வாலும் தராசு மாதிரி நேராக நிற்க வேண்டும். பழைய எஞ்சின் கனம், புது மோட்டார் லேசு. அதனால் வால் தொங்கும், மூக்கில் ஈயம் வைக்க வேண்டியிருக்கும் என்று இம்தியாஸ் சொல்லியிருந்தான். தூக்கினான். நேராக நின்றது!

"அண்ணா, எப்படீங்கண்ணா?"

"எல்லாம் ஒரு கணக்குத்தான் தம்பி" என்று மாமா மீசையைத் தடவிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

பறந்தது! பறந்தது! பறந்தது!

மேட்டாங்காட்டில் இம்தியாஸின் கூட்டாளிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். "எந்தக் கடையிலீங்க வாங்குனது?" என்று ஒருவர் கேட்க, "ஊட்டுல செஞ்சது" என்றார் மாமா. இம்தியாஸ் ரிமோட்டை நீட்டி, "மொதல்ல அண்ணன் தொட்டுக் குடுங்க, அப்பறம் ஒரு சுத்து நீங்களும்..." என்று ஆரம்பித்தான். மாமாவும் கையை நீட்டினார்.

"ஐயோ, அவருக்குக் கை ஆடுமப்பா, நீயே ஓட்டு" என்றேன். வேறென்ன சொல்வது? இத்தனை மாத உழைப்பு, ஒரு உதறலில் போய்விட்டால்?

மாமா கையை எடுத்து வேட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டார். எல்லோரும் ஒரு நொடி வேறெங்கோ பார்த்தார்கள். பிறகு விமானம் ஓடி, வாலைத் தூக்கி, மேலே ஏறியது. மஞ்சள் ரெக்கை வெயிலில் மின்னியது. நான் குதித்தேன். ஐம்பத்தெட்டு வயசில் நடுக்காட்டில் குதித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். களைப்பாக இருக்கும்.

நவம்பர் 9, வியாழன்

தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தேன். பரண், ஜன்னல், மின்விசிறி, பூஜை மாடம் எல்லாம் ஆயிற்று. விமானத்தின் மூக்கிலிருந்து ஒரு வாடை. எலுமிச்சை முடிப்பு பூசணம் பிடித்துக் கிடந்தது, எடுத்து எறிந்தேன். முறுக்குக்கு மாவு அரைத்தாயிற்று.

நவம்பர் 19, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

மழை விட்டிருந்தது, போனோம். விமானம் தரையை விட்டதும் மூக்கை வானத்துக்குத் தூக்கியது. இம்தியாஸ் இறக்கப் பார்த்தான், கேட்கவில்லை. அப்படியே நின்று, ஒரு பக்கம் சரிந்து, விழுந்தது. கீழ் ரெக்கை முறிந்துவிட்டது. விழுந்ததைத் தூக்கி விரலில் நிறுத்திப் பார்த்தான். வால் தொங்கியது. "அன்னிக்குச் சரியா இருந்துதுங்களே!" என்று தலையைச் சொறிந்தான்.

"என்ற கைதான். எங்கியோ தப்பா ஒட்டியிருக்கறேன்" என்றார் மாமா. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்ற உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "காப்பி நீ ஊத்தற, பொத்தான் நீ போடற, கத்தி நீ புடிக்கற. என்ற கை ஆடுதுன்னு ஊருக்கும் நீயே சொல்ற. எல்லாத்தையும் நீயே பாக்கறயல்ல? இந்தப் பிளேனையும் நீயே பாத்துக்க" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

நவம்பர் 20, திங்கள்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். படித்திருக்கவே வேண்டாம். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 21, செவ்வாய்

காலையில் சட்டையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். நெடுநேரம் ஆயிற்று. எனக்குத்தான் கை பரபரத்தது. மேல் பொத்தான் கீழ் ஓட்டையில் மாட்டியிருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

காபியை விளிம்பு வரை ஊற்றினேன். கொஞ்சம் சிந்தினார். அவரே துடைத்தார்.

நவம்பர் 24, வெள்ளி

அட கெரகமே! எனக்கு அறிவென்று ஒன்று இருக்கிறதா?

ஸ்கூல் வாசலில் வாரா வாரம் மாற்றும் எலுமிச்சையை மாற்றிக்கொண்டிருந்தேன். பழத்தைக் கையில் வைத்துக் கனம் பார்த்து நல்லதாகப் பொறுக்கினேன். கனம்! ஸ்டூலிலிருந்து குதித்தேன். வாசலில் நின்ற காருக்குள் பிரேக்கையும் கிளட்ச்சையும் குழப்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தெருவில் இறக்கிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"ஏனுங்க, எந்திரீங்க! உங்க கையில்ல, என்ற எலுமிச்சம்பழம்!"

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். ரெக்கையைக் கயிறு போட்டுக் கட்டி, மூன்று பழத்தை மூக்குக்குள் திணித்து, "தூக்குங்க" என்றேன். அவரே தூக்கினார். தராசு மாதிரி நின்றது. மூன்றையும் எடுத்தேன். வால் தொங்கியது. மறுபடி வைத்தேன். நின்றது.

"நீ எப்ப வெச்ச?"

"ஆயுத பூசைக்கு."

"எப்ப எடுத்த?"

"தீவாளிக்குச் சுத்தம் பண்றப்ப."

மாமா விமானத்தை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிக் கிட்டே போனால், சிரிப்பு! கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்ட, "கணக்குன்னு சொன்னனே... மீசையத் தடவுனனே..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கல்யாணமான புதுசில் இப்படிச் சிரிப்பார். எனக்கு அந்தச் சத்தமே மறந்துபோயிருந்தது.

நவம்பர் 26, ஞாயிறு

டயர் கடையில் சக்கர எடை சரிபார்க்க ஒட்டும் ஈயத் துண்டு கேட்டு வாங்கி வந்தேன். மூன்று எலுமிச்சைக்குச் சரியான எடை வைத்து மாமா உள்ளே ஒட்டினார். இம்தியாஸிடம் அவரே போனில் கதையைச் சொன்னார். பிறகு, "தம்பி, ரெக்கையச் செஞ்சுட்டு நானே ஓட்டோணும்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவே இல்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

இம்தியாஸ் நல்ல வழி வைத்திருக்கிறான். இரண்டு ரிமோட்டைக் கம்பியில்லாமல் இணைத்துவிடலாம். ஒன்று மாமா கையில், ஒன்று அவன் கையில். ஆபத்து என்றால் அவன் ஒரு விசையைத் தட்டி வாங்கிக்கொள்வான். எங்கள் ஸ்கூல் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறதல்லவா, அது போல. ரிமோட்டில் விரலால் தள்ளும் குச்சி நடுவில் இருக்கும்போது சின்னச் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாதபடியும் வைக்கலாமாம். "ஆடுனா ஆடட்டுங்கண்ணா, பிளேனுக்குத் தெரியாது" என்றான்.

அவனுடைய தெர்மோக்கோல் விமானத்தில் மாமா பழகினார். இரண்டு தடவை புதரில் விட்டார். இரண்டு தடவையும் சிரித்தார்.

டிசம்பர் 10, ஞாயிறு

இன்று புதர் இல்லை. ரெக்கை ஒட்டி முடிந்தது, ஓரத்தை அவர் மடித்தார். சுருக்கம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

"எப்ப வாங்கோணும், எப்ப உடோணும்னு எனக்குச் சரியாத் தெரிய மாட்டேங்குதுங்க்கா. உங்களுக்குத்தான் அதே வேலை. நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க, நான் வாங்கிக்கறேன்" என்றான் இம்தியாஸ். மாமாவும் தலையாட்டினார்.

டிசம்பர் 17, ஞாயிறு

வெயில் இதமாக இருந்தது. காற்று அதிகமில்லை. இம்தியாஸ் மேலே ஏற்றி, "அண்ணா, இப்ப உங்க கையிலீங்" என்றான்.

ஜிப்ஸி மாத் ஒரு குலுக்குக் குலுங்கியது. பிறகு நேரானது. வேலிக்கு மேலே மெதுவாகத் திரும்பி, எங்கள் தலைக்கு மேல் வந்து, மறுபடி திரும்பியது. மாமாவின் வலது கை குச்சியில் ஆடிக்கொண்டேயிருந்தது. மேலே ரெக்கை ஆடவில்லை. கூட்டாளிகள் அண்ணாந்து நின்றார்கள். அவர் சுற்றினார், சுற்றினார், சின்னப் பிள்ளை புதுச் சைக்கிளில் தெருவைச் சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டேயிருந்தார்.

"அண்ணா, பேட்டரி கம்மியாகுது. எறக்கறதுக்கு நான் வாங்கிக்கட்டுங்களா?"

"நாந்தான் எறக்குவேன்."

விமானம் தூரத்தில் திரும்பி எங்களை நோக்கி வந்தது. தாழ்ந்து வந்தது. ரொம்பத் தாழ்ந்து வந்தது. இடது ரெக்கை சரிந்தது. இந்நேரம் காராக இருந்தால் நான் பிரேக்கை மிதித்து, கத்தி, சாவியைப் பிடுங்கியிருப்பேன். என் வலது கால் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.

"அக்கா?" என்றான் இம்தியாஸ்.

வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. கண் முழுக்க விமானத்தில் இருந்தது.

"அக்கா, சொல்லுங்க! வாங்கட்டுங்களா?"

"வேண்டாம். அவுரு எறக்குவாரு."

ரெக்கை நிமிர்ந்தது. சக்கரம் தரையைத் தொட்டது, எகிறியது, மறுபடி தொட்டது, மறுபடி எகிறியது, ஓடியது, பாதி வட்டம் சுற்றி, புழுதி கிளப்பிக்கொண்டு நின்றது. இரண்டு அடுக்கு ரெக்கையும் முழுசாக.

யாரோ விசிலடித்தார்கள். மாமா திரும்பி, "பாத்தியா, புள்ள?" என்றார்.

"பாத்தனுங்க" என்றேன். அழுதேன். எல்லோர் முன்னாலும் நின்று நன்றாக அழுதேன்.

வழக்கம்போல இம்தியாஸ் விமானத்தை எடுத்துவர ஓடப் பார்த்தான். அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். மாமா கழுத்தில் மாட்டியிருந்த ரிமோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காட்டுக்கு நடுவில் தனியாக நடந்து போனார். குனிந்து, இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, சிரித்தபடி மெதுவாகத் திரும்பி வந்தார். நாங்கள் காத்திருந்தோம்.